அடுத்த கேள்வி எளிது

அறை நூற்றுப் பதினான்கு. இருபது கணினிகள்.
பதினோராவதில் ஏழு என்ற விசையை
ஒருமுறை தட்டினால் இருமுறை விழும்.
பழுது பார்க்கச் சொல்லி மூன்று கடிதம் எழுதியாயிற்று.
கூட்டமில்லாத நாளில்
அங்கே யாரையும் உட்கார வைப்பதில்லை.

ஆகஸ்டில் எல்லா நாளும் கூட்டம்.
கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில்
பாதாம் மரங்களை இயந்திரம் பிடித்து உலுக்கும் மாதம்.
வருகிறவர்களின் புருவத்தில் தூசி,
விசைப்பலகையின் இடுக்குகளில் தூசி.
மாலையில் ஊதி எடுப்பேன்.

கைப்பேசி பைக்குள். பை சுவரோரம்.
வெள்ளைத் தாள் இரண்டு, பென்சில் ஒன்று,
போகும்போது மூன்றும் என் கைக்கு வர வேண்டும்.
பத்தொன்பது வருடமாக இதைச் சொல்கிறேன்.
சொல்லாதது ஒன்று உண்டு:
சரியாகச் செய்தால் அடுத்த கேள்வி கடினமாகும்.
தப்பினால் எளிதாகும்.
நெற்றி சுருங்குகிறவர்கள் மேலே போகிறார்கள்.
மெல்லச் சிரிக்கிறவர்கள்
இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

எவரார்தோ சமுதியோ, வயது முப்பத்தேழு.
மரம் உலுக்கும் வண்டியின் ஓட்டுநர்.
நீர்ப்பாசனப் பொறியியல் படிக்க வேண்டுமாம்.
இரண்டு மணிக்கு வேலைக்குத் திரும்பவும் வேண்டும்.
"நேரக் கட்டுப்பாடு கிடையாது" என்றேன்.
மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.
பதினொன்றுதான் காலியாக இருந்தது.

முதலில் ஆங்கிலம்.
நான்கு வாக்கியங்களில் எது சரி?
உதடசைத்து நான்கையும் சொல்லிப் பார்த்தார்.
நான்கையும் மனிதர்கள் பேசி அவர் கேட்டிருக்க வேண்டும்.

பிறகு கணக்கு.
ஒன்றே காலுக்கு அவர் புன்னகைத்தார்.
எனக்கு வயிறு கனத்தது.
எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.
சொல்லக் கூடாது. விதி அப்படி.
எழுதியது யார் என்று கேட்டால்
தலைநகரம் இருக்கும் திசையைக் காட்டுவார்கள்.

அச்சுப்பொறி இருமிக்கொண்டு தாளைத் துப்பியது.
கணிதம்: அடிப்படை எண்கணிதம்.
பட்டத்துக்குச் சேராத பாடம்.
அங்கிருந்து கால்குலஸ் வாசல் வரை
ஆறு அரையாண்டு.

"கடைசியில் எளிதாக வந்ததே,
பிடிபட்டுவிட்டது என்றல்லவா நினைத்தேன்."

நான் மேசையில் எதையோ தேடினேன்.

"எவை தப்பு என்று பார்க்கலாமா?"
"முடியாது."
"உங்களால்?"
"என்னாலும்."

நின்றபடியே இரண்டாம் தாளில் ஏதோ எழுதினார்.
முனை மழுங்கிய பென்சிலைத் தந்ததற்கு
மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார்.

தாள்களை நறுக்கும் எந்திரத்தில் போட வேண்டும்.
போடுமுன் படிப்பேன். என் சின்னத் திருட்டு.
அவருடைய முதல் தாளில் ஒரு தோப்பு:
நூற்றிருபது புள்ளிகள், வரிசை வரிசையாக.
எட்டில் மூன்று பங்கைக் கோடிழுத்துக் கழித்திருந்தார்.
எக்ஸ் என்ற எழுத்தை மரமாக மாற்றி
மீதியை ஒவ்வொன்றாக எண்ணி
அடியில் வட்டமிட்டிருந்தார்: 75.
அவர் எழுதும் ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு.

எழுபத்தைந்து சரி.
ஆனால் பதினோராவது கணினி.
அவர் கவனித்து ஒரு ஏழை அழித்தாரா,
இல்லை, திரை எழுநூற்று எழுபத்தைந்தை வாங்கிக்கொண்டு
அடுத்த எளிய கேள்வியை நீட்டியதா,
எனக்குத் தெரியாது.
தெரிந்துகொள்ள நான் நான்காவது கடிதம் எழுதவில்லை.

இரண்டாம் தாளில் யாரும் கேட்காத கணக்கு:
37, கூட்டல் 3, கூட்டல் 4.
விடை எழுதி, அடித்து,
மறுபடி அதே விடையை எழுதியிருந்தார்.

அந்த ஒரு தாள் மட்டும் எந்திரத்துக்குப் போகவில்லை.

இரண்டு ஆகஸ்ட் கழிந்ததும் தேர்வையே எடுத்துவிட்டார்கள்.
பள்ளி மதிப்பெண் போதுமாம்,
நேரே பாடத்தில் உட்காரலாம்,
தடுமாறினால் கூடவே ஒரு துணை வகுப்பு.
கணினிகளை வண்டியில் ஏற்றிய நாளில்
பதினோராவதை நானே தூக்கிப் போனேன்.
கனமே இல்லை.

இப்போது நான் வாகன அனுமதிச் சீட்டு ஜன்னலில்.
ஆகஸ்டில் வரிசை கட்டிடத்தைச் சுற்றி வளைகிறது.
வண்டி எண்ணை எழுதிக் கொடுங்கள் என்கிறேன்,
ஏழுகளைப் பார்க்கிறேன்.