ஏழுக்கு அரைஞாண்

முன்பணம் போய்ச் சேர்ந்த மூன்றாம் நிமிடம்
தூன் நகரிலிருந்து செய்தி வந்தது:
பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தை அனுப்பவும்,
போலீஸ் படிவத்துக்கு.
அன்புடன், ஸுட்டர்.

சுட்டர்!
எங்கள் ஊரில் சுட்டுவிட்டான் என்றால்
பர்ஸ் போய்விட்டது என்று அர்த்தம்.

பாசல் நிலையத்து பெஞ்சில்
பம்புக் கண்காட்சிப் பையை மடியில் வைத்து
அதன்மேல் பாஸ்போர்ட்டை விரித்து
எண்ணின் மேல் கட்டைவிரலை அழுத்தி
ஒரு படம் எடுத்து அனுப்பினேன்.
பதில் வந்தது:
அழகான விரல். எண் தேவை.

யாருக்கு, எதற்கு, எந்தத் தேதி என்று
நகலின் குறுக்கே எழுதிவிடு அக்கா என்று
விமான நிலையத்தில் முகிலன் படித்துப் படித்துச் சொன்னான்.
எழுதினேன், கைபேசியில், விரலால், சிவப்பில்:
தூன் விடுதிக்கு மட்டும்.
வேறு எதற்கும் செல்லாது.
அனுப்பிய பிறகுதான் உறைத்தது
தமிழில் எழுதியிருக்கிறேன்.
எந்தத் திருடன் இதை வாசித்து
வெட்கப்படப் போகிறான்?

கடைசிப் பக்கத்தை அவர் கேட்கவில்லை.
அங்கே அப்பா பெயர், அம்மா பெயர்,
அதற்குக் கீழே இன்னொன்று.
குடும்பநல நீதிமன்றம் முடித்துவைத்த பிறகும்
அச்சு மங்காமல் இருக்கிறது,
இரண்டாயிரத்து முப்பத்தொன்று வரை செல்லுபடியாக.
ரயில் கிளம்பும்வரை
அந்தப் பக்கத்தை இரண்டு முறை திறந்தேன்.
யாரும் கேட்காத நகலை
யாருக்கு அனுப்புவது?

தூனில் மழை.
கோட்டைக்குப் போகும் கூரை போட்ட படிக்கட்டின் அருகே
பச்சைக் கதவு,
கம்பளிச் செருப்பு,
எழுபது வயதிருக்கும், முதுகு வளையவில்லை.
என் முகத்தையும் படத்தையும் ஒத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
இந்தச் சிவப்பு எழுத்து உங்கள் அரசாங்க முத்திரையா?
ஆமாம் என்றேன்.
மரியாதையாகத் தலையசைத்தார்.

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு
நீல மையில் எழுத ஆரம்பித்தார்.
குடும்பப் பெயர் என்ற கட்டத்தில்
என் அப்பா போய் உட்கார்ந்தார்.
திருமதி மருதா... சலாம்,
என்று முடித்தார்.
நானும் ஒரு சலாம் வைத்தேன்.

பிறகு எண்.
ஓர் எழுத்து, ஏழு இலக்கம்.
அதில் இரண்டு இடத்தில் ஒன்று வரும்.
இரண்டையும் அவர் ஏழு என்று எழுதினார்.
பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன்.
வாய் வரை வந்ததை
அவர் கொடுத்த புதினாத் தேநீரோடு விழுங்கினேன்.

அன்று இரவு ஆரே நதி மதகில் விழும் சத்தத்தில்
ஏழுக்காரி ஒருத்தி படுத்திருந்தாள்.
அவளுக்குக் கடைசிப் பக்கம் கிடையாது.
எந்தக் கணினியில் தேடினாலும் அகப்படமாட்டாள்.
குறுக்காகக் கை கால் நீட்டிக்
கட்டில் முழுவதையும் எடுத்துக்கொண்டாள்.
விடியும்வரை ஒருமுறைகூடப் புரளவில்லை.

காலையில் ரொட்டி, இரண்டு முட்டை, ரசீது.
தேதி பதினேழு.
முதல் இலக்கம் நான் நேற்று பார்த்த அதே ஏழு.
அடுத்ததன் இடுப்பில்
குறுக்கே ஒரு கோடு.
இது என்ன என்று கேட்டேன்.
ஏழு, என்றார். அப்போது இது?
ஒன்று. வேறென்ன?

இந்த ஊர் ஒன்றுக்கு நெற்றியிலிருந்து இறங்கும் நீள மூக்கு.
ஏழுக்கு அரைஞாண் கட்டிவிடுவார்கள்.
தெரியாமல் போயிற்று.
ஒரு பிழையும் இல்லை.
ராத்திரி முழுக்கத் தங்கியது நானேதான்.

புறப்படும்போது கைபேசியை என் பக்கம் திருப்பிக் காட்டினார்:
பாருங்கள், உங்கள் படத்தை அழித்துவிட்டேன்.
அழித்தவை முப்பது நாள்
இன்னொரு பெட்டியில் உயிரோடு இருக்கும்.
அவருக்குத் தெரியாது.
சொல்லிக்கொடுக்கலாம், அரை நிமிட வேலை.
நேரம் இருந்தது.
ஆனால் அவர் அதற்குள்
மழையில் வாசல்வரை வந்து, குடையைப் பிடித்து,
போய் வாருங்கள் திருமதி சலாம்,
என்றுவிட்டார்.