நிறுவாமல் முயன்று பார்

"ஓர் உறையில் இரண்டு கத்தியா?" என்றார் ஜும்பேர்,
பாலாடைக்கட்டி அறுத்த கை நின்றது.
உறை என்று அவர் சொன்னது
மேசைக்கடியில் இரைகிற பழைய பெட்டியை.
அதற்குள் அவருடைய பகடை ஆட்டம்,
என் பேக்கரிக் கணக்கு ஏழு வருடத்துக்கு,
போலந்துக்குப் போன ரேவாஸ்
போவதற்கு முன்பிருந்த எல்லா வயதிலும்.

இனிப் புதுப்பிப்பு வராது என்று திரையே சொல்லிவிட்டது.
புதுப் பெட்டிக்கு இரண்டு மாதச் சம்பளம்.
முதலாவதை விரட்டாமல்
இரண்டாவதைப் பார்க்கலாம் என்றேன்.

முதலில் நகல்.
சோப்புக்கட்டி அளவு வட்டில்
இரவு முழுக்க எல்லாவற்றையும் ஊற்றினேன்.
நகல் எடுத்தாயிற்று என்பது வெறும் பேச்சு,
திறக்கிறதா என்பதுதான் கேள்வி.
மாடி வீட்டு எத்தேரியின் கணினியில் செருகி
ரேவாஸின் ஆறாம் வயதைத் திறந்தேன்.
முன்பல் இல்லை, காதில் செர்ரிப் பழம்.
இருந்தான்.

பிறகு விரல்நீள யூஎஸ்பி.
கறுப்புத் திரையில் இரண்டு வரி:
நிறுவு.
நிறுவாமல் முயன்று பார்.

என் கல்யாணத்துக்கு முன்னால்
இந்த இரண்டாம் வரியை எனக்கு யாரும் காட்டவில்லை.

ஒலி வந்தது. வைஃபை பிடித்தது.
பிரிண்டர் மட்டும்
விருந்துக்கு அழைக்காத நாத்தனார் மாதிரி
முகத்தைத் திருப்பிக்கொண்டது.
புதிய கோப்பு ஒன்று திறந்து எழுதிப் பார்த்தேன்:
"நான் லாமாரா. இன்று எதுவும் உடையவில்லை."

அந்த நேரம் பார்த்துக் கீழ்க்காற்று
தெருக்கம்பியைப் பிடித்து உலுக்க
ரியோனி ஆற்றின் இரு கரையும் சேர்ந்து அணைந்தது.

"போச்சு" என்றது இருட்டு, ஜும்பேரின் குரலில்.
அவர் பயந்தது கணக்குக்கு இல்லை.
அந்தச் செர்ரிக்கு.

மின்சாரம் வந்தபோது மணி பத்து.
யூஎஸ்பியைப் பிடுங்கிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.
பழையது எழுந்தது, அதே பனிமலைப் படம்,
எதுவும் நடக்காத முகம்.
என் ஒரு வரி மட்டும் எங்குமில்லை.
நினைவகத்தில் எழுதியது நினைவகத்தோடு போயிற்று.
ஆனாலும் அது பொய்யாகிவிடவில்லை.

காற்றில்லாத ஞாயிறு வரை காத்திருந்தேன்.
பழையதை முழுதாய்த் தூங்கச் சொன்னேன்
(அது எப்போதும் ஒரு கண்ணைத் திறந்துவைத்தே தூங்கும்,
வேகமாய் எழ வேண்டுமாம்).
அதன் இடத்தில் அறுபது ஜிபி ஒதுங்கச் சொன்னேன்.
ஒதுங்கியது.
அந்தப் பதினோரு நிமிடமும் ஜும்பேர்
வாசலில் நின்று வானத்தைக் காவல் காத்தார்.

எல்லாம் சரி. மணிதான் சரியில்லை.
கடிகாரத்தை எப்படிப் படிப்பது என்று
இரண்டுக்கும் சண்டை.
புதியது உலக நேரத்தில் திருகி வைத்துவிட்டுப் போக,
பழையது அதையே நம்மூர் நேரம் என்று நம்பியது.
தை மாத இருட்டு. காலை ஏழரைக்கு
அரைத்தூக்கத்தில் திரையைப் பார்த்த ஜும்பேர்
மூன்றரை என்று கண்டு திரும்பப் போர்த்திக்கொண்டார்.
மார்க்கெட் நிறுத்தத்தில்
அவருடைய வேனுக்குப் பதினொரு பேர்,
இரண்டு கூடை கோழி.

நான்கு மணி நேரம் பின்னால்:
எங்கள் மணியில்லை, ரேவாஸின் மணியும் இல்லை.
இந்த வீட்டில் யாரும் வாழாத மணி.
ஒரு வரிக் கட்டளையில் தீர்ந்தது.
மூன்று நாள் அவர் என்னோடு பேசாதது
எந்தக் கட்டளைக்கும் தீரவில்லை.

நேற்று சமையலறையிலிருந்து பார்த்தேன்.
பட்டியலின் முன் தனியாய் உட்கார்ந்திருக்கிறார்.
பத்து விநாடி கொடுக்கும் அது,
தேர்வு செய்யாவிட்டால் பழையதற்கே போய்விடும்.
ஏழு. ஆறு.
கீழ் அம்புக்குறி மேல் ஒரு விரல்,
அழுத்தாமல்,
கெண்டியின் சூடு பார்ப்பதுபோல்.
நான்கு.
என் பக்கம் திரும்பாமலே கேட்டார்:
"இதில் பகடை இருக்கிறதா?"