பெயர் போய்ச் சேரவில்லை

கேஷ் போட்டிருக்கேன் என்றால்
கல்லாவைத் திறந்து பார்க்கிறார் ஓனர் மகிமைதாஸ்.
நான் சொன்னது வேறு.
லினக்ஸில் கட்டிய நாலு சுழல் தட்டு,
ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும்
கணக்குப் போட்டு மீட்டுவிடும்.
அவற்றுக்கு முன்னால், தீப்பெட்டி கனத்தில் ஒரு எஸ்எஸ்டி.
ரிச்சி தெருவில் பேரம் பேசியது,
பாதி ஆயுசை யாரோ ஓட்டியது.

வியாசர்பாடியில் ராத்திரி ரெண்டு மணிக்கு
ஃப்ளெக்ஸ் கடை ஷட்டரைத் தட்டினால்
அது கண்ணீர் அஞ்சலிதான்.
செத்தவர் முகம் முதல் நாள் சூடாக இருக்கும்.
போஸ்டருக்கு, பேனருக்கு, வண்டியில் ஒட்ட
திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.
எஸ்எஸ்டி கையிலேயே வைத்திருக்கும்.
பதினாறாம் நாள் இன்னொரு முறை.
பிறகு மெல்ல இறக்கிவிடும்,
புதிதாய்ச் செத்தவருக்கு இடம் வேண்டுமே.

வேகத்துக்காக ரைட்பேக்கில் விட்டிருந்தேன்.
தட்டில் எழுதும் முன்பே ஆச்சு என்று சொல்லிவிடும்.
சின்னச் சின்னதை மடியில் முடிந்துகொள்ளும்.
நீளமாய் வருவதை மட்டும்
கொருக்குப்பேட்டை கேட்டில் சரக்கு ரயிலை விடுவதுபோல்
நேராகத் தட்டுகளுக்கு விட்டுவிடும்.

கணேசபுரம் சப்வேயில் தண்ணீர் நின்ற இரவு
முட்டிவரை நனைந்து ஒரு பையன் வந்தான்.
அண்ணன் டில்லிராஜ், ஹார்பரில் லாஷிங் வேலை,
இருபத்தொன்பது.
ஒரே படம். தண்ணீரில் விழுந்த போன்
எனக்கு அனுப்பி முடித்ததும் கறுத்துப்போனது.
பத்துக்கு எட்டடி.
சேவ் கொடுத்தேன். ஆச்சு என்றது.
பிரிண்ட் எடுத்து அனுப்பினேன்.
நாலரைக்கு கரண்ட் போய், வந்து, போனது.
எஸ்எஸ்டி மட்டும் திரும்பவில்லை.

தட்டுகள் நாலும் நலம்.
அந்த ராத்திரிதான் அவற்றில் இல்லை.

உட்கார்ந்து யோசித்தேன்.
படம் பெரிது, தட்டுக்குப் போயிருக்கும்.
எந்த ஃபோல்டர், எந்தத் தேதி, எங்கே தொடக்கம்,
எல்லாம் சிறிது. பெயரும் சிறிது.
அவை எஸ்எஸ்டியோடு போயின.
ஸ்டான்லி மார்ச்சுவரியில்
காலில் நம்பர் கட்டிக் கிடப்பதுபோல்
உள்ளே எங்கேயோ கிடக்கிறான்.

பெயர் கேட்காமல்
தலையை மட்டும் பார்த்து ஃபைல் தேடும் புரோகிராம் உண்டு.
மூன்று ராத்திரி ஓடவிட்டேன்.
எண் போட்ட முகங்கள் பதினோராயிரம்.
மணப்பெண்கள், வட்டச் செயலாளர்கள்,
காது குத்தி அழும் குழந்தைகள்,
நான் அடித்து மறந்த எத்தனையோ அஞ்சலி.
பதினாறாம் நாள் பேனருக்கு வந்த தம்பியைப்
பக்கத்தில் உட்காரவைத்து உருட்டினேன்.
டீ ஆறிப்போனது.

"நிறுத்துண்ணா. கொஞ்சம் மேல போ.
இதான். எங்கண்ணன்."

எண்ணை அழித்துவிட்டு
கீபோர்டை அவன் பக்கம் தள்ளினேன்.
டி எங்க இருக்கு என்று கேட்டான்.
புது எஸ்எஸ்டி, இந்த முறை ரைட்த்ரூ.
தட்டில் இறங்கிய பிறகே வாய் திறக்கும்.
மகிமைதாஸ் உள்ளிருந்து ஏன் இவ்ளோ லேட்டு என்றார்.
இருவரும் பேசாமல்
ஆச்சு என்று அது சொல்லக் காத்திருந்தோம்.