பத்தாம் கட்டம்

லாக்கின்வர் துறையில் அதிகாலை நாலு மணி.
ஐஸ் அள்ளும் சத்தம்.
என் கையில் நனைந்த படிவம்;
மடிப்பில் மை ஊறி
ஒன்று, ஏழு மாதிரி தெரிகிறது.

எண்ணுவது என் வேலை. அவ்வளவுதான்.
ஹேக் மீன் படகில் பதினோரு நாள்.
கல், மிதவை, கல், மிதவை என்று
கயிறு இறங்கும். விடிந்தால் ஏறும்.
தூத்தூரில் இதை ஆயிரங்கால் தூண்டில் என்போம்.
இதற்கு எட்டாயிரம் கால்.
நடக்காது. காத்திருக்கும்.

ஐந்தாம் நாள்
ஏறிவந்த கொக்கிகளில் உதடுகள் மட்டும்.
வரிசையாக,
உடம்பு எங்கே போயிற்று என்று சொல்லாத உதடுகள்.
குவாபெனா ஒவ்வொன்றாகக் கழற்றி வாளியில் போட்டான்.
"விருந்தாளி வந்தாச்சு."
கேப்டன் பியெய்த்தோ அவர் மொழியில் ஏதோ வைதார்,
கேட்க மென்மையாகத்தான் இருந்தது.
எட்டுக் கருப்பு முதுகுகள். பைலட் திமிங்கிலம்.
வின்ச் உறுமினால் அவற்றுக்குப் பந்தி போட்டாயிற்று.
திருட்டு என்றும் சொல்லலாம்,
யார் வீட்டுக்குள் யார் என்று
கேட்காமல் இருந்தால்.

ஏழாம் நாள் வின்ச் முனகியது.
வந்தது மீனில்லை.
வாலடியில் மூன்று சுற்று.
வீங்கிய விரலுக்குள் மோதிரம் போல
நைலான் தோலுக்குள் போயிருந்தது.
பெட்டை.
கடலிலேயே பிறந்து
மூச்சு முட்டிச் செத்திருந்தது.
மேலே வர
கயிறு பத்துப் பாகம் போதவில்லை.

படிவத்தில் பத்தாம் கட்டம்: பாலூட்டி.
எத்தனை வருஷமாக எழுதுகிறேன்,
அந்தச் சொல்லுக்குள் பால் இருப்பது
அன்றுதான் கண்ணில் பட்டது.
கயிறு அழுத்திய விலாவிலிருந்து
ஒரு வெள்ளைக் கோடு
தண்ணீரில் இறங்கியது.
அரை நிமிஷம் கலையவில்லை.
அதற்குக் கட்டம் கிடையாது.

குவாபெனா கத்தியை எடுத்தான்.
அறுத்ததும் பக்கவாட்டில் சாய்ந்து,
அவசரமே இல்லாமல் போயிற்று.
தூரத்தில் ஏழு முதுகு எண்ணினேன்.
படகை ஒட்டிச் சின்னதாக ஒன்று
மேலே வந்ததா, அலையா?
நிச்சயமில்லாததை எழுதக் கூடாது,
விதி.
எழுதவில்லை.

"சீல் ஏதாவது மாட்டிற்றா?"
அலுவலகத்தில் ஈஷ்பல் கேட்கிறாள்.
என் தமிழில் சீல் என்றால் முத்திரை.
இல்லை என்கிறேன்.
பத்தாம் கட்டத்தில் அவள் விரல் நிற்கிறது.
"இது ஏழா, ஒன்றா?"
"ஒன்று."
"ஒன்றுதானே" என்று மூச்சு விட்டு
ஓங்கி ஒரு சீல் வைக்கிறாள்.

வெளியே பியெய்த்தோ
தாளில் சுற்றிய ஹேக் ஒன்றை நீட்டுகிறார்.
பதினோரு நாள் கூட இருந்ததற்கு.
பிரித்துப் பார்க்கிறேன்.
வால், செதில், கண்,
உதடு எல்லாம் சரியாக இருக்கிறது.
வாங்கிக்கொள்கிறேன்.
ராத்திரி மிளகாய்த்தூள் போட்டுப் பொரிப்பேன்.