குழி எண் பதினேழு

பாயா தெருபோங் சரிவில் காலை எட்டரைக்கு
ஹஷிம் மண்வெட்டியை இறக்கினார்.
ணங்.
இரண்டு விரற்கடை தள்ளி இறக்கினார்.
ணங்.
"மண்ணைக் காணோம் சிக், கல்லுக்குள்ள ஒளிஞ்சிருக்கு"
என்று மலாயில் சொல்லி
உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார்.

படிவத்தில் முதலில் உயரம்.
எதிரே அடுக்குமாடியின் இருபத்தெட்டாம் தளமும் நானும்
ஒரே மட்டத்தில் இருக்கிறோம்.
ஒருத்தி மூங்கில் கம்பில் துணி கோத்து நீட்டுகிறாள்.
துவாலையின் கிழிசல்வரை தெரிகிறது.
சரிவு, முப்பத்தொரு பாகை.
நிலப் பயன்பாடு என்ற கட்டத்துக்கு
குணாளனின் நாற்பத்துச் சொச்சம் ஆடுகள்
லாலாங்கைக் கடித்தபடி பதில் சொல்கின்றன.

பள்ளிக்கூடத் தமிழில் இது குறிஞ்சி.
மேய்ச்சல் இருப்பதால் கொஞ்சம் முல்லை.
கீழிருந்து ஏறி வரும் வீடமைப்புத் திட்டத்துக்குத்
திணை எதுவும் வாய்க்கவில்லை.

அறுபது சென்டிமீட்டரில் ஹஷிம் கைவிரித்தார்.
போதும்.
குழிச் சுவரைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தேன்.
மேலே அரைச் சாண் காப்பித்தூள் கறுப்பு,
நிறைய வேர், ஒரு மண்புழு, ஒரு மைலோ டின் மூடி.
அதன் கீழே நிறம் மாறுகிறது.
வண்ணப் புத்தகத்தின் சில்லுகளை ஒவ்வொன்றாய்ச் சேர்த்துவைத்து
புடவைக்கு ரவிக்கைத் துணி தேடுகிறவளைப் போல்
வெயிலுக்குத் திருப்பினேன்.
காவி இல்லை. மஞ்சளும் இல்லை.
நனைத்தால் ஒரு சில்லு, காய்ந்தால் வேறொரு சில்லு.

ஓர் உருண்டையில் தண்ணீர் தெளித்துப் பிசைந்து
கட்டைவிரலால் நாடாவாகத் தள்ளினேன்.
மூன்று சென்டிமீட்டர் நீண்டு அறுந்தது.
மணல் நறநறக்கும் களி.
புளிப்பு நாலரை.

கல்லைக் கண்ணால் மதிப்பிட்டால் போதும் என்பது விதி.
எனக்கு மனம் கேட்கவில்லை.
ஒரு வாளி அள்ளிச் சலித்தோம்.
கைக்குள் அடங்குவது ஒரு குவியல்,
அடங்காதது, ஆனால் தலையைவிடச் சிறியது, பெரிய குவியல்.
நூறில் அறுபத்திரண்டு கல்.
மிச்சம் முப்பத்தெட்டில்தான்
இத்தனை புல்லும் நிற்கிறது.

அடுத்த கேள்வியில் கருவி மாட்டிக்கொண்டது.
மூலம்: இங்கேயே உருவானதா? மேலிருந்து வந்ததா?
ஒன்றை மட்டும் தொடவும்.
கல் உருண்டையாக இருந்தால் வந்தது என்பார்கள்.
ஆனால் கருங்கல்லின் சங்கதி வேறு.
நின்ற இடத்திலேயே
வெங்காயம்போல் தோலுரிந்து தோலுரிந்து
மூலை மழுங்கி
எங்கும் போகாமலே உருண்டையாகிவிடும்.
அடியில் இருக்கும் கல் அப்படி.
மேலே இருப்பது எந்த மழையிலோ சரிந்து வந்தது.
நடுவில் ஒரு முழத்துக்கு
எது எதுவென்று எனக்கே தெரியவில்லை,
ஒரே வேர் இரண்டையும் பிடித்திருந்தது.
இரண்டையும் தொட்டேன்.
கருவி சிவப்பாக மறுத்தது.

குணாளன் எட்டிப் பார்த்தார்.
"பேரெல்லாம் என்னமோ வச்சிக்குங்க மேடம்.
எத்தன ஆடு தாங்கும்? அத மட்டும் சொல்லுங்க.
லைசன்ஸுக்குக் கேக்கறான்."
பெயர்ப் பட்டியலில் விரலை ஓட்டினேன்.
ரெங்கம் தொடர் என்றால் இவ்வளவு கல் ஆகாது.
அடுத்தது, ஆழம் போதாது.
அதற்கடுத்தது சமவெளி.
கடைசியில், எல்லாவற்றுக்கும் அடியில்,
'செங்குத்து நிலம். வகைப்படுத்தப்படவில்லை.'
அலுவலகச் சுவரில் தொங்கும் பழைய வரைபடத்தில்
இந்த மலை முழுக்க
அந்த ஒரே சாம்பல் பூச்சுதான்.
அதைத் திருத்தத்தானே
பதினேழாவது குழி?

ஒரு வெள்ளாடு சரிவில் இறங்கியது.
அசையும் கல்லில் குளம்பை வைத்து, எடுத்து,
அசையாத கல்லைத் தேர்ந்து,
மறுபடி.
நான் பேனாவை மூடிவிட்டுக்
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிற்பகல் மழை கொட்டிற்று.
தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு குழியோரம் நின்றோம்.
நாலு பக்கமிருந்தும் தண்ணீர் உள்ளே பாய்ந்தது.
குழி நிறையவே இல்லை.
ஹஷிம் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார்,
விரல் அளவுகூட நனையவில்லை.
வடிகால்: மிக வேகம்.
அன்றைக்கு அட்டியில்லாமல் நான் எழுதிய ஒரே வரி.

தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்க
படிவத்தில் கட்டம் இல்லை.
மழை விட்டுக் கீழே இறங்கும்போது
அடுக்குமாடியின் தடுப்புச் சுவரில்
வரிசையாகப் பதித்த குழாய்களைப் பார்த்தேன்.
எல்லாம் காய்ந்திருந்தன.
இடமிருந்து மூன்றாவது மட்டும்,
காவியும் இல்லாத மஞ்சளும் இல்லாத ஒரு நிறத்தில்,
சொட்டத் தொடங்கியிருந்தது.