உப்புப் பார்க்க

வேதத்தில் சொன்னபடி
தலைக்கு எண்ணெய் வைத்து, முகம் கழுவித்தான் போனேன்.
கரண்டியை வாயருகே கொண்டுபோய் இறக்கியதில்
மாஸ்டர் நிசார் பாய் கண்டுபிடித்துவிட்டார்:
"நீயுமா, தேவாசீர்?"

லெந்து வெள்ளி. அவருக்குப் பதினோராம் நோன்பு.
ஆம்பூர் பைபாஸ் ஓரம்
நாற்பது கிலோ அண்டா கொதிக்கிறது,
உப்புப் பார்க்க ஒரு நாக்கு இல்லை.

தோல் ஷெட்டில் கணக்குத் தீர்த்து அனுப்பிய ஒருவன்
குழாயடியில் குடித்துக்கொண்டிருந்தான்
மூன்றாவது சொம்பு.
கூப்பிட்டு இலையில் ஒரு கரண்டி வைத்தோம்.

"உப்பு?"
பதில் இல்லை.
இன்னொரு கரண்டி.
"உப்பு எப்படிப்பா?"
தலையை ஆட்டினான்,
எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

மாஸ்டர் என்னைப் பார்த்தார்.
மூன்றாவதை நான் வைத்தேன்.

உப்பு கம்மி என்று
மத்தியானம் நான்கு மேசை திட்டியது.
வாங்கிக்கொண்டோம் இரண்டு பேரும்,
வெறும் வயிற்றில்.