இருபத்தாறு டிகிரி

அல் தைத். ஆகஸ்ட்.
வெளியே நாற்பத்தேழு.
ஆறாம் கூடாரத்துக்குள் இருபத்தாறு,
எந்நேரமும் இருபத்தாறு.
ஒன்று கூடினாலும் என் கைப்பேசி அலறும்.

வடக்குச் சுவர் முழுக்க ஈர அட்டை,
தெற்கே ஆறு விசிறி.
அட்டையை ஒட்டிய வரிசை
அறுபது சென்டிமீட்டர் காம்பு விடும்.
விசிறியை நெருங்க நெருங்க
ஐம்பது, நாற்பது.
கடைசி வரிசையில் குருட்டுக் குருத்து:
இலை வரும், மொட்டு வராது.
ஒரே ரகம், ஒரே உரம்.
காற்று முப்பத்தைந்து மீட்டர் நடந்து வருவதற்குள்
சூடாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

தண்ணீரில் உப்பு ஏறினால்
இலையோரம் கருகிக் காட்டிக்கொடுக்கும்.
வெயில் மிஞ்சினால் இதழைக் குறைத்துக்கொண்டு
வெளிறிப்போய், அவசரமாக
மலர்ந்து முடித்துக்கொள்ளும்.
ஈரம் தேங்கினால் மாவு தூவியதுபோல் பூசணம்.
எல்லாவற்றுக்கும் ஓர் எண் இருக்கிறது.
மணிக்கு ஒருமுறை நான் எழுதுகிறேன்,
நீலப் பேனாவில்.

சனிக்கிழமை இரவு தங்குமிடத்தில் ஏசி நின்றது.
அங்கே எண் எழுத ஆளில்லை.
நாளை வருவார்கள் என்றார்கள்;
நாளை ஞாயிறு.

பதினொன்றரைக்குக் கதவைத் தட்டினார் பாக்கியசெல்வம்,
கையில் பாய்.
பின்னால் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தமாங்,
மொனிருல், இன்னும் ஆறு பேர்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
"அட்டைப் பக்கமாப் படுங்க" என்றேன்,
"விசிறிப் பக்கம் வேண்டாம்."

பாத்திகளுக்கு நடுவே நீள நீளமாய்ப் படுத்தார்கள்,
தலைமாட்டில் சொட்டுக்குழாய்.
முள்ளில் கை பட்டு
எவரோ தூக்கத்திலேயே திட்டினார்,
எந்த மொழியென்று தெரியவில்லை.

இரண்டு விசிறி மட்டும் ஓடும் மூன்று மணிக்கு
திரையில் கரியமில வாயுக் கோடு
மெல்ல எழும்பியது.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
ஒன்பது பேர் மூச்சு.
விடியுமுன் அவர்கள் போன பிறகுதான் அது இறங்கியது.

திங்கட்கிழமை பொறியாளர்
அந்த மேட்டில் விரல் வைத்தார்:
"இது என்ன?"

சென்சார் பழுது, என்றேன்.
எழுது என்றார்.
எழுதினேன்.

புதுச் சென்சார் இரண்டே நாளில் வந்துவிட்டது,
பெட்டிக்குள் பஞ்சு சுற்றி.
ஏசிக்கு இன்னும் ஆள் வரவில்லை.

அதை நானே மாட்டினேன்,
அட்டையின் உச்சியில்
காற்று நுழைகிற இடத்தில்.
அங்கே கீழே படுக்கிறவர் மூச்சு
எதிர்க்காற்றில் ஏறி வர
வழியில்லை.